மூடுபனி வந்தால் அணையும் கம்ப்யூட்டர்

எனக்கு இன்று ஒரு வேலை இருக்கிறது, அதை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கிறேன் என்றால் அதற்கு என் மாமியார்தான் காரணம். இதை யாரிடம் சொன்னாலும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மாமியாரைப் புகழும் மருமகளை நம்ப ஊரில் ஆளில்லை. போகட்டும். அந்த வேலை கைவிட்டுப் போகப் பார்த்ததற்கும் பாதிக் காரணம் அவர்தான், மீதிப் பாதி நான். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஏற்காடு மலையில், நாகலூரில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே. கணவர் பஸ் டிரைவர். மாமியார் பதினைந்து வயதில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனவர், இடுப்பு விட்டுப்போன பிறகுதான் நின்றார். நான் பிறந்தது கரடியூர். சேலத்தில் விடுதியில் தங்கி பி.காம். படித்தேன். விடுதி எதற்கு என்றால், மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதிலேயே எனக்குக் குமட்டிவிடும். பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டவளுக்கு பஸ் ஆகாது என்று எங்கள் உறவில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், வாந்தி எடுப்பது அவர்களில்லையே. தினமும் கீழே போய்வருகிற வேலையை நான் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. பெண் பிறந்தாள், வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள், நான் பட்டச் சான்றிதழைத் தகரப் பெட்டியின் அடியில் வீசிவிட்டு அதை மறந்தும் போனேன்.

ஏற்காட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திருடனுக்குப் பயப்படுகிறோமோ இல்லையோ, பூசணத்துக்குப் பயப்படுவோம். மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் செருப்பு, பட்டுப்புடவை, தலையணை எல்லாம் வெள்ளை பூத்துவிடும். அதனால் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தி வைப்போம். அந்தச் சூட்டில் உள்ளே இருப்பது காய்ந்தபடி இருக்கும். என் மாமியாருக்கு இது வெறும் வழக்கம் இல்லை. மாமனார் இறந்தபோது அவருடைய எஸ்டேட் வேலைக் காகிதங்களை வெளியே எடுத்தால், எல்லாம் பூசணம் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தனவாம். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் ரைட்டர் அதைப் பிரிக்கப் பார்க்க, கையோடு பிய்ந்து வந்துவிட்டதாம். அந்தக் காகிதம் இல்லாமல், சேர வேண்டிய பணத்துக்காக அத்தை இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். அதன் பிறகு பல்பு அவருக்குச் சாமி மாதிரி.

வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் விண்ணப்பித்தபோது, அசல் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். இல்லை. தரையில் உட்கார்ந்து அழவே ஆரம்பித்துவிட்டேன். அத்தை பீரோவைத் திறந்து, தன் கல்யாணப் புடவையின் மடிப்புக்குள்ளிருந்து அதை எடுத்து நீட்டினார். எப்போது எடுத்தார், எத்தனை வருஷமாக அங்கே வைத்திருந்தார், எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு புள்ளி பூசணம் இல்லை.

"படிச்சது வீணாப் போயிரக் கூடாதுல்ல கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வேலை இதுதான். இன்சூரன்ஸ் பாரங்களைத் திரையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பதும் பாரத்தில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். கடைசியில் ஒருநாள் காலை ஒன்பது மணி முதல் ஒரு மணிவரை தேர்வு. அந்த நான்கு மணி நேரமும் கம்ப்யூட்டர் நிற்கக்கூடாது. தேறினால் நிரந்தரம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். தேறாவிட்டால் சென்னை அலுவலகத்துக்கு வந்து உட்கார வேண்டும், முடியாதென்றால் வேலை இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணை விட்டுவிட்டு நான் சென்னைக்கு எங்கே போவது? எனக்கு இருந்தது ஒரே வழிதான்.

கம்ப்யூட்டர் மேசையை சில்வர் ஓக் மரத்தில் செய்திருந்தோம். கீழே கதவு வைத்த ஒரு தட்டு, அதற்குள் கம்ப்யூட்டர் பெட்டி. ஐப்பசி பிறந்து பனி இறங்கியதுமே அத்தை அந்தத் தட்டுக்குள்ளும் ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினார். வெயில் வந்தால் கழற்றிவிடுவார், பனி வந்தால் போடுவார். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. பட்டுப்புடவைக்குக் கிடைக்கிற சூடு, பாவம், அந்தப் பெட்டிக்கும் கிடைக்கக்கூடாதா?

அந்த ஐப்பசியில்தான் தொல்லை ஆரம்பித்தது. ஒரு பாரத்தைப் பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை பொட்டென்று கறுத்துப்போகும். நான் எதையும் தொட்டிருக்க மாட்டேன். ஐந்தாறு நொடியில் தானாகவே உயிர் பெற்று, எதிர்பாராத விதமாக நின்றுவிட்டது என்று ஒரு வரி காட்டும். எதிர்பாராத விதமாம்! எனக்கு வாயில் வந்ததெல்லாம் வரும். நான் பார்த்துக்கொண்டிருந்த பாரம் அதற்குள் வேறு யாருக்கோ போயிருக்கும், என் பெயருக்கு நேரே ஒரு குறி விழுந்திருக்கும்.

"மறுக்கா அமிஞ்சு போச்சா கண்ணு?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"ஆமாங்க அத்தை. கெரகம் புடிச்ச பொட்டி!"

என் கணவர் பஸ்ஸைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். "வயரு லூசா இருக்கும்" என்று எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி அழுத்தினார். மறுநாளும் நின்றது. சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னோம். அவருக்கு ஒரு நிபந்தனை. "பனி இருந்தா மேல வர மாட்டேனுங்க அக்கா, வளவுல முன்னால ஒண்ணும் தெரியறதில்ல." அதனால் நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான் வந்தார். நினைவகத் தகட்டைக் கழற்றி, என் பெண்ணின் அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். கம்ப்யூட்டர் அன்று முழுக்கச் சமர்த்தாக ஓடியது. அவர் இறங்கிப்போனார், இரண்டு நாளில் பனி வந்தது, கம்ப்யூட்டர் மூன்று முறை நின்றது. அடுத்த வெயிலுக்கு மறுபடி வந்து, உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டியையே மாற்றினார். திரையின் மூலையில் ஏதோ ஒரு எண் ஓடும்படியும் வைத்துவிட்டு, பிரச்சினை வந்தால் இதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அன்றைக்கும் ஓட்டத்தில் குறையில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் வந்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி என் மானத்தை வாங்கியது.

நானும் படித்தவள்தானே, முறைப்படி கண்டுபிடிக்கிறேன் என்று இறங்கினேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை எறியாமல் சேர்த்துவைத்து, நின்ற ஒவ்வொரு தடவைக்கும் அன்றைய தாளில் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் பனி நாட்களில். வெயில் நாளில் ஒன்றுகூட இல்லை. துள்ளிக் குதித்தேன்.

"அத்தை, ஈரந்தாங்க! ஈரந்தான் உள்ள போயி இந்தப் பாடு படுத்துது. பல்பு பத்தலீங்க."

கவனியுங்கள், இதைச் சொன்னது நான். பி.காம். படித்த நான். அத்தை மறு பேச்சு பேசாமல் பஸ் ஏறி ஏற்காட்டுக் கடைத்தெருவான ஒண்டிக்கடைக்குப் போய் அறுபது வாட் பல்பு வாங்கிவந்தார். அதற்கும் சரியாகவில்லை, முன்னைவிட அதிகமாகவே நின்றது. நூறு வாட் போட்டோம். கதவிடுக்கில் பனி புகுந்துவிடக்கூடாது என்று பழைய துண்டைத் திணித்தோம். மேசைக்குப் பின்னாலிருந்த ஜன்னலைச் சாத்தி, இடைவெளியெல்லாம் துணியால் அடைத்தோம். கம்ப்யூட்டர் அரை மணிக்கு ஒரு தரம் நின்றது. பாருங்கள், எவ்வளவு ஈரம் இருந்தால் நூறு வாட்டுக்கும் அடங்காமல் இருக்கும் என்று நானே அத்தைக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

நடுவில் ஒருநாள் கரடியூரில் என் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எனக்கு வேலை, அதனால் எங்கள் வீட்டுக்காக அத்தை விடியற்காலையிலேயே புறப்பட்டுப் போனார். அன்று எதிர்வீடு தெரியாத பனி. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாமி கண் திறந்துவிட்டது என்று மாலையில் விளக்கேற்றிக் கும்பிட்டேன். அப்புறம்தான் மேசையின் கதவைத் திறந்து பார்க்கிறேன், பல்பு எரியவே இல்லை. அவசரத்தில் அத்தை போட மறந்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் பட்டுப்புடவையும் கையில் தாம்பூலப் பையுமாக வாசல்படி ஏறும்போதே பிடித்துக்கொண்டேன். "என்னோட பொழப்பு உங்களுக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சுங்களா? ஏதோ சாமி புண்ணியத்துல இன்னிக்குத் தப்பிச்சேன்" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கூசுகிறது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, புடவைகூட மாற்றாமல் குனிந்து பல்பைப் போட்டார். குனிய முடியாத இடுப்பு அது.

தேர்வு நாள் வந்தது. விடிந்ததிலிருந்து பனி. கணவர் டியூட்டிக்குப் போய்விட்டார், பெண் பள்ளிக்கூடத்துக்கு. அத்தை பல்பைப் போட்டுவிட்டு, கதவுக்கு வெளியே விபூதியும் பூசிவிட்டார். எட்டு மணிக்கு கம்ப்யூட்டரைப் போட்டேன். எட்டேகால் ஆவதற்குள் இரண்டு தடவை நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெக்கானிக்கை போனில் பிடித்தேன்.

"அக்கா, பனியில நான் வர முடியாதுங்க. மூலையில ஒரு நம்பர் வெச்சனே, எவ்வளவு காட்டுது?"

"தொண்ணூத்தாறுங்க."

"எவ்வளவுங்க?"

"தொண்ணூத்தாறு. நல்லாத்தானுங்க இருக்குது?" நான் அதை இத்தனை நாளும் பரீட்சை மார்க் மாதிரி நினைத்திருந்தேன். ஏற ஏறச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"அது சூடுங்க அக்கா! உள்ள கொதிச்சிட்டு இருக்குது. சூடு தாங்காமத்தான் நின்னு நின்னு போவுது."

"ஏனுங்க, இங்க பல்லு கிட்டற குளுரு. எப்படிங்க கொதிக்கும்?"

"பொட்டிக்குப் பக்கத்துல வேற எதாச்சும் ஓடுதுங்களா? ஹீட்டரு கீட்டரு?"

"ஒண்ணுமில்லீங்க. பல்பு மட்டுந்தான்."

"என்ன பல்பு?"

"ஈரத்துக்குப் போடற பல்புங்க. நூறு வாட்டு. உள்ள போட்டு கதவச் சாத்தி வெச்சிருக்குதுங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அக்கா," என்றார் கடைசியில், "கோழிக்குஞ்சுக்குத்தானுங்க அப்படிப் பல்பு போட்டு மூடி வெப்பாங்க."

அந்த நொடியில் கரடியூர்க் கல்யாணம் என் கண் முன்னால் வந்து நின்றது. பல்பு எரியாத ஒரே பனி நாள், கம்ப்யூட்டர் நிற்காத ஒரே பனி நாள். அந்தத் தாளில் புள்ளியே இல்லை. அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை, அதற்காக அந்த மனுஷியை வாசலில் நிற்கவைத்துப் பேசியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் வெட்கப்படவும் நேரமில்லை, மணி எட்டரை தாண்டிவிட்டது.

பல்பைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியை வெளியே இழுத்து ஜன்னலோரம் மேசைமேல் வைத்தோம். மெக்கானிக் சொல்லச் சொல்லப் பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே சூட்டை ஆற்றும் குட்டி ஃபேன், போட்டதும் முக்கி முனகி மெதுவாகச் சுற்றியது. இத்தனை நாள் பல்புச் சூட்டில் அதன் எண்ணெயெல்லாம் வற்றிப்போயிருக்கும் என்றார். மேலே கொண்டுவர வேறு ஃபேன் இருக்கிறது, ஆனால் பனி விலகியபிறகுதான் வருவாராம். எண் எண்பதுக்கு இறங்கியது. இரண்டு பாரத்தைத் திறந்து பார்த்தேன், மறுபடி எண்பத்தெட்டு.

"குளுந்த காத்து நேரா அதும்மேல படணுங்க அக்கா. ஜன்னலத் தொறந்துடுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு ஈரம் ஒண்ணும் பண்ணாது, சூடுதான் ஆபத்து."

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். போனில் வந்தது அவருக்கும் கேட்டிருந்தது. முகம் செத்துப்போயிருந்தது.

"பனிய உள்ள விடறதா? தொறந்து கெடக்கற பொட்டி மேலயா? வேண்டாங் கண்ணு. எல்லாம் போயிரும். எனக்குத் தெரியும் கண்ணு, நான் பாத்திருக்கேன்."

மாமனாரின் காகிதத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் பொறுமையாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. மணி எட்டு ஐம்பது. "நான் சொல்றேன்லங்க அத்தை, தொறங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த துணியை ஒவ்வொன்றாக உருவினார். தாழ்ப்பாளைத் தட்டிக் கதவை வெளியே தள்ளினார். பனி வெள்ளையாக உள்ளே வந்து மேசைமேல் இறங்கியது. அந்த ஜன்னலுக்குக் கொக்கி துருப்பிடித்து உடைந்துபோய் எவ்வளவோ நாள் ஆயிற்று, காற்றில் கதவு திரும்பத் திரும்ப வந்து சாத்திக்கொண்டது. அத்தை ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். ஒரு குச்சியை முட்டுக் கொடுத்திருக்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் மறுநாள்தான் தோன்றியது.

ஒன்பது மணிக்குத் தேர்வு திறந்தது. எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. நான் பாரத்தில் ஒரு கண்ணும் மூலையில் ஒரு கண்ணுமாக இருந்தேன். விரல் விறைத்து எழுத்துப் பலகையில் தப்பான இடத்தில் விழுந்தது, உள்ளங்கையை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டேன். மழைத் தொப்பி மாதிரி அத்தை தலையில் துண்டைப் போட்டிருந்தார். பதினோரு மணி வாக்கில் காற்று வலுத்தது. அவர் கையை மாற்றவில்லை, இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். கண் கம்ப்யூட்டர் பெட்டியை விட்டு அகலவில்லை, உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமியைக் கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரின் சாவைப் பார்க்க உட்கார்ந்திருக்கிற மாதிரி அவர் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. மெக்கானிக் சொன்னதை அவர் ஒரு சொல்கூட நம்பவில்லை. பனி உள்ளே போனால் எதுவும் பிழைக்காது என்பது அவர் வாழ்ந்து பார்த்த விஷயம். நம்பாமலேதான் திறந்தார். நான் சொன்னேன் என்பதற்காகத் திறந்தார். என் வேலை அந்த நிமிஷமே போய்விடும், அதற்குத் தன் கையே காரணமாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கதவைப் பிடித்திருந்தார்.

அவரைப்போல நம்பிக்கை இல்லாத ஒன்றுக்காக நான் யாருக்கும் பத்து நிமிஷம் கை நீட்டியதில்லை.

கம்ப்யூட்டர் நிற்கவில்லை. ஒரு மணிக்குத் தேர்வு மூடிக்கொண்டது. நான் நாற்காலியிலேயே கிடந்தேன். கால் மணி நேரத்தில் எங்கள் குழுத் தலைவி போன் செய்தார். நான்கு மணி நேரத்தில் ஒரு தடங்கலும் இல்லை, தவறுகளும் அனுமதிக்குள்தான், நாளை முதல் நிரந்தரம், வீட்டிலிருந்தே பாருங்கள் என்றார். நான் நன்றி சொன்னேனா இல்லையா என்றே நினைவில்லை.

"அத்தை, வேல கெடச்சிருச்சுங்க! நம்மூட்டுலயே இருந்து பாக்கலாமாம்!"

அவர் ஸ்டூலில் அப்படியே இருந்தார். கம்பிக்கு வெளியே இருந்த கை நனைந்து, விரலெல்லாம் வெளிறிச் சுருங்கிப்போயிருந்தது. முகம் மட்டும் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அப்பிடியா சாமி. நொம்ப சந்தோசம்" என்றார். பிறகு கேட்டார், "இப்ப ஜன்னலச் சாத்திக்கட்டுமா கண்ணு?"